கட்சி ஒதுக்கியவரைக் குடியரசுத் தலைவராக்கிய தேர்தல்: வி.வி. கிரியின் வாழ்க்கை

புது தில்லி: 1969-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி குடியரசுத் தலைவர் தேர்தலில் பதிவான வாக்குகள் தில்லியில் எண்ணப்பட்டன. முதல் கட்ட எண்ணிக்கை முடிந்தபோது எவரையும் வெற்றி பெற்றவராக அறிவிக்க இயலவில்லை. செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்குத் தேவையானது 4,18,169. சுயேச்சை வேட்பாளர் வி.வி. கிரி 4,01,515 வாக்குகளையும், ஆளும் காங்கிரஸின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548 வாக்குகளையும், எதிர்க்கட்சிகள் சிலவற்றின் வேட்பாளர் சி.டி. தேஷ்முக் 1,12,769 வாக்குகளையும் பெற்றிருந்தனர். இந்தியக் குடியரசின் வரலாற்றில், குடியரசுத் தலைவர் யார் என்பதை இரண்டாவது விருப்ப வாக்குகளை எண்ணித் தீர்மானிக்க நேர்ந்த தேர்தல் அது ஒன்றே.

அதன் முடிவில் வென்றவர் கிரி. அவரை வேட்பாளராக அறிவித்த பெரிய கட்சி எதுவும் இல்லை. அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த காங்கிரஸின் உயர்மட்டக் குழு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு யாரை அனுப்புவது என்பதைச் சில தலைவர்கள் ஓர் அறையில் அமர்ந்து முடிவு செய்யும் வழக்கத்துக்கு வெளியே நின்று வெற்றி கண்ட ஒரே மனிதர் அவர். அந்த வழியை வெகுவாகக் குறுக்கிய சட்டமும் அவர் பதவியில் இருந்த காலத்திலேயே நடைமுறைக்கு வந்தது. கிரியின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கையில் இந்த முரணே முதலில் கண்ணில் படுகிறது.

டப்ளினில் கற்ற பாடம்

வராககிரி வேங்கட கிரி 1894 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பெர்ஹாம்பூரில் பிறந்தார். இன்று ஒடிசாவில் உள்ள அந்நகரம் அன்று சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தை ஜோகய்யா பந்துலு பெயர் பெற்ற வழக்கறிஞர். தாய்மொழி தெலுங்கு.

சட்டம் பயில்வதற்காக 1913-இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்றார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான உணர்வும் தொழிலாளர் இயக்கமும் ஒருசேரக் கொந்தளித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஐரிஷ் விடுதலை இயக்கத்தினரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கனோலியின் கருத்துகள் அவரை ஈர்த்தன. 1916-ஆம் ஆண்டின் ஈஸ்டர் எழுச்சி அடக்கப்பட்ட பிறகு, அதன் தலைவர்களோடு தொடர்புடையவர் என்ற ஐயத்தின் பேரில் நாட்டைவிட்டு வெளியேறுமாறு கிரிக்கு உத்தரவிடப்பட்டது. வழக்கறிஞராகத் தகுதி பெற்ற கையோடு அதே ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார்.

சொந்த ஊரில் வளர்ந்துவந்த வழக்கறிஞர் தொழிலை, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்று 1920-இல் கைவிட்டார். மதுக்கடை மறியலில் ஈடுபட்டதற்காக 1922-இல் சிறை சென்றார். எனினும் அவரது நாட்டம் சட்டமன்றங்களைவிடத் தொழிலாளர் குடியிருப்புகளின் பக்கமே மிகுந்திருந்தது.

ரயில்வே தொழிலாளர்களுடன்

1920-களில் அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனம் உருவானபோது அதை நிறுவியவர்களில் கிரியும் ஒருவர். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அதன் பொதுச் செயலராகப் பணியாற்றினார். பெங்கால் - நாகபுரி ரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து 1928-இல் நடைபெற்ற வேலைநிறுத்தத்துக்கு அவர் தலைமை தாங்கினார். வன்முறையின்றி நடந்த அப்போராட்டம் நாடெங்கும் அவரது பெயரைப் பரப்பியது. அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸின் தலைவராக 1926-இலும் 1942-இலும் இருமுறை இருந்தார். 1927-இல் ஜெனீவாவில் நடைபெற்ற சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டிலும், 1931-இல் லண்டனில் நடந்த இரண்டாவது வட்டமேசை மாநாட்டிலும் இந்தியத் தொழிலாளர்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்.

பிற்காலத்தில் கிரி அணுகுமுறை என்று பெயர் பெற்ற கொள்கை இந்த ஆண்டுகளின் அனுபவத்தில் விளைந்ததே. தொழில் தகராறு ஏற்பட்டால் அரசு ஒரு தீர்ப்பாயத்தை அமைத்து மேலிருந்து தீர்ப்பைத் திணிப்பது நிலையான அமைதியைத் தராது. முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் அமர்ந்து பேசி எட்டும் உடன்பாடே நிற்கும் என்பது அதன் சாரம். ஒரு முடிவினால் பாதிக்கப்படுவோருக்கு அந்த முடிவில் பங்கு இருக்க வேண்டும் என்ற இந்த நம்பிக்கையை அவர் பல பதவிகளிலும் எடுத்துரைத்தார்.

பொப்பிலியில் வெற்றி, பார்வதிபுரத்தில் தோல்வி

1934-இல் மத்திய சட்டப்பேரவை உறுப்பினரான கிரி, 1937-இல் சென்னை மாகாணச் சட்டப்பேரவைத் தேர்தலில் பொப்பிலி தொகுதியில் நின்றார். எதிர்த்து நின்றவர் அப்போது மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் பொப்பிலி ராஜா. ராஜாவின் சொந்த ஜமீனிலேயே அவரைத் தோற்கடித்தது அக்காலத்தில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. ராஜாஜி அமைத்த அமைச்சரவையில் தொழிலாளர் நலம், தொழில் ஆகிய துறைகள் கிரியிடம் ஒப்படைக்கப்பட்டன. 1939-இல் அந்த அமைச்சரவை பதவி விலகியது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது மீண்டும் சிறைவாசம். 1946-இல் பிரகாசம் தலைமையிலான அமைச்சரவையில் மீண்டும் அமைச்சர்.

நாடு விடுதலை பெற்ற 1947-இல் இலங்கைக்கான இந்தியத் தூதராக கொழும்புக்கு அனுப்பப்பட்டார். அவர் அங்கிருந்த காலத்தில்தான், 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்கள் பல லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் அவர்களது வாக்குரிமையும் பறிபோனது. தொழிலாளர் தலைவராக வளர்ந்த ஒருவர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாக்குச்சீட்டை இழந்ததை அருகிலிருந்து காண நேர்ந்தது.

1952 பொதுத் தேர்தலில் பாதபட்டினம் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நேரு அமைச்சரவையில் தொழிலாளர் நலத் துறையை ஏற்றார். வங்கி ஊழியர்களுக்குத் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பை மத்திய அரசு மாற்றியமைத்தபோது, அதை ஏற்க மனமின்றி 1954-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். கொள்கைக்காகப் பதவியை விடத் தயங்காதவர் என்ற பெயர் அப்போது அவருக்கு நிலைத்தது.

1957 பொதுத் தேர்தல் வேறொரு பாடத்தைத் தந்தது. பார்வதிபுரம் அன்று இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. ஓர் இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. மற்றொன்று பொது இடம். கூடுதல் வாக்குகள் பெற்ற இருவருமே பழங்குடியினராக அமைந்ததால் இரு இடங்களும் அவர்களுக்கே அளிக்கப்பட்டன. பொது இடத்தைப் பழங்குடியினர் பெற முடியாது என்று வாதிட்டு கிரி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். ஒதுக்கீடு என்பது குறைந்தபட்ச உறுதிதான், கூடுதல் வாக்கு பெற்ற பழங்குடி வேட்பாளர் பொது இடத்தையும் பெறலாம் என 1959-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் நேரடியாக வாக்களிக்கும் தேர்தலில் கிரி அதன் பிறகு நிற்கவில்லை.

உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் ஆகிய மாநிலங்களில் அடுத்தடுத்து ஆளுநராக இருந்த அவர், 1967 மே மாதம் குடியரசுத் துணைத் தலைவரானார்.

யார் தேர்ந்தெடுப்பது?

குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற யோசனை அரசியல் நிர்ணய சபையில் முன்வைக்கப்பட்டதுண்டு. 1948-இல் வயது வந்தோர் அனைவரும் வாக்களிக்கும் முறையைக் கோரி பேராசிரியர் கே.டி. ஷா திருத்தம் கொண்டுவந்தார். உண்மையான அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கும்போது நாடு முழுவதும் தேர்தல் நடத்தி ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் பிரதமருக்குப் போட்டியான அதிகார மையமாகிவிடுவார் என்ற கருத்தே சபையில் மேலோங்கியது. திருத்தம் தள்ளுபடியானது. நாடாளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் மாநிலச் சட்டப்பேரவை உறுப்பினர்களும் வாக்களிக்கும் முறை அரசியல் சாசனத்தின் 54-ஆவது பிரிவில் இடம்பெற்றது.

இதனால் குடிமக்களுக்கு மறைமுகமான பங்கு மட்டுமே மிஞ்சியது. எனினும் இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று, 35 வயது நிரம்பிய, மக்களவை உறுப்பினராகும் தகுதியுள்ள குடிமகன் எவரும் வேட்பாளராகலாம். 1952-ஆம் ஆண்டின் சட்டப்படி வேட்புமனுவை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என இரு வாக்காளர்கள் இருந்தால் போதும், வைப்புத்தொகை இல்லை. மற்றொன்று, வாக்கெடுப்பு ரகசியமானது. மக்கள் பிரதிநிதி எவருக்கு வாக்களித்தார் என்பதைக் கட்சித் தலைமை அறிய இயலாது.

முதல் வாசலில் சிலர் விடாது நுழைந்து பார்த்தனர். சௌத்ரி ஹரி ராம் என்பவர் 1952 முதல் 1969 வரை ஐந்து தேர்தல்களிலும் நின்றார். 1962-இல் அவருக்கு 6,341 வாக்கு மதிப்பு கிடைத்தது. 1967-இல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு நின்ற 17 வேட்பாளர்களில் 9 பேர் பூஜ்யமே பெற்றனர். ஜாகீர் உசேன் 4,71,244 வாக்குகளுடன் வெற்றி பெற, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதவியைத் துறந்து எதிர்க்கட்சிகளின் சார்பில் நின்ற கே. சுப்பாராவ் 3,63,971 வாக்குகள் பெற்றார். போட்டியின் முடிவு மெய்யாகவே தீர்மானிக்கப்பட்ட இடம் கட்சிகளின் உயர்மட்டக் குழுதான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 1969 வரை அக்குழுவின் முடிவு தோற்றதே இல்லை.

பெங்களூர் கூட்டம்

1969 மே 3-ஆம் தேதி ஜாகீர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். கிரி குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்றார். துணைத் தலைவர்களாக இருந்த ராதாகிருஷ்ணனும் ஜாகீர் உசேனும் அடுத்துக் குடியரசுத் தலைவர்களாக உயர்ந்திருந்ததால், தமக்கும் அவ்வாய்ப்பு வரும் என்று கிரி எதிர்பார்த்தது இயல்பே.

ஆனால் காங்கிரஸ் அப்போது இரு கூறாகப் பிளந்துகொண்டிருந்தது. ஒருபுறம் பிரதமர் இந்திரா காந்தி. மறுபுறம் சிண்டிகேட் என்று அழைக்கப்பட்ட மூத்த தலைவர்கள். பெங்களூரில் ஜூலை மாதம் கூடிய காங்கிரஸ் ஆட்சிமன்றக் குழுவில் இந்திரா காந்தி ஜகஜீவன் ராமின் பெயரை முன்வைத்தார். காமராஜ், மொரார்ஜி தேசாய், எஸ்.கே. பாட்டீல், ஒய்.பி. சவாண் ஆகியோர் மக்களவைத் தலைவராக இருந்த சஞ்சீவ ரெட்டியை ஆதரித்தனர். பெரும்பான்மை முடிவின்படி ரெட்டி வேட்பாளரானார். விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் நாட்டின் முதல் குடிமகனைத் தீர்மானித்துவிட்டதாகவே அன்று பலரும் கருதினர்.

கிரி அதை ஏற்கவில்லை. சுயேச்சையாக நிற்கப்போவதாக அறிவித்தார். ஜூலை 19-ஆம் தேதி 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் பொறுப்பில் இருந்து கையெழுத்திட்டார். மறுநாளே பதவி விலகினார். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். ஹிதயத்துல்லா பொறுப்புக் குடியரசுத் தலைவரானார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வங்கி ஊழியர்களுக்காக அமைச்சர் பதவியை விட்டவர், வங்கிகளை அரசுடைமையாக்கும் ஆணையில் கையெழுத்திட்டுவிட்டு, இம்முறை நாட்டின் மிக உயர்ந்த பொறுப்பிலிருந்தே இறங்கினார்.

மனசாட்சி வாக்கு

சஞ்சீவ ரெட்டியின் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டவர் இந்திரா காந்தியே. கட்சியின் முடிவுக்கு அவர் கட்டுப்பட்டுவிட்டதாகவே தோன்றியது. இந்நிலையில் காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, இரண்டாவது விருப்ப வாக்குகளை ரெட்டிக்கு அளிக்குமாறு ஜனசங்கம், சுதந்திரா கட்சித் தலைவர்களைச் சந்தித்துக் கேட்டுக்கொண்டார். இது பிரதமர் தரப்புக்கு வாய்ப்பாயிற்று. கட்சியின் கொள்கைக்கு மாறானவர்களோடு பேரம் பேசப்பட்டதால் உறுப்பினர்கள் கட்டுப்பாடின்றி வாக்களிக்க அனுமதிக்க வேண்டும் என்று ஜகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதும் கோரினர். ரெட்டிக்கு வாக்களிக்குமாறு கட்சி உறுப்பினர்களுக்குக் கட்டளையிட இந்திரா காந்தி மறுத்தார். வாக்குப்பதிவு நெருங்கிய வேளையில், அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்ற அறிவிப்பு அவரிடமிருந்து வந்தது.

கட்சிகளின் கணக்கு ஒருபுறமிருக்க, தெருவும் இத்தேர்தலில் குரல் கொடுத்தது. வங்கிகள் நாட்டுடைமையான நாள் முதல் தில்லி சப்தர்ஜங் சாலையில் இருந்த பிரதமரின் இல்லத்தின் முன் டாக்ஸி, ஆட்டோ ஓட்டுநர்களும் தொழிலாளர்களும் மாணவர்களும் நாள்தோறும் திரண்டனர். அந்தக் கூட்டங்களுக்கு ஆளும் தரப்பின் ஏற்பாடும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இருபதாண்டுகளாகத் தங்களுக்குத் தொடர்பில்லாத சடங்காக மக்கள் கருதிவந்த குடியரசுத் தலைவர் தேர்தல், முதன்முறையாகச் சாமானியர்களின் பேச்சுக்குப் பொருளானது. சுமார் 4 ஆயிரம் பேர் மட்டுமே வாக்களிக்கும் தேர்தலில், அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணமும் கணக்கில் கொள்ள வேண்டியதாயிற்று.

இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும், தமிழகத்தில் ஆட்சியில் இருந்த தி.மு.க.வும், அகாலி தளமும், முஸ்லிம் லீகும் கிரியை ஆதரித்தன. வாக்குப்பதிவுக்கு ஆறு நாள்களுக்கு முன் அவருக்கு 75 வயது நிறைவடைந்தது.

ஆகஸ்ட் 16-ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. 15 வேட்பாளர்கள் களத்தில் இருந்தனர். நான்கு நாள்கள் கழித்து நடந்த எண்ணிக்கையில், குறைந்த வாக்குகள் பெற்றவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு, அவர்களது வாக்குச்சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்கள் எஞ்சியவர்களுக்குச் சேர்க்கப்பட்டன. இறுதியில் கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. வித்தியாசம் 14,650. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு அன்று 576. கிரிக்கு வாக்களித்தவர்களில் 13 நாடாளுமன்ற உறுப்பினர்கள் மறுபக்கம் சாய்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஆட்சிமன்றக் குழுவின் தேர்வை, குழுவுக்கு வெளியே இருந்த உறுப்பினர்கள் தள்ளிவிட்டனர். அடுத்த மூன்று மாதங்களுக்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

சாட்சிக் கூண்டில் குடியரசுத் தலைவர்

தேர்தலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. சஞ்சீவ ரெட்டியை இழிவுபடுத்தும் துண்டுப் பிரசுரம் ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே சுற்றுக்கு விடப்பட்டது என்பது முக்கியப் புகார். பதவியில் உள்ள குடியரசுத் தலைவர் என்ற நிலையில், தாம் இருக்கும் இடத்திலேயே வாக்குமூலம் அளிக்க கிரிக்கு வழி இருந்தது. அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1970-இல் நேரில் நீதிமன்றம் சென்று, தமக்கென இடப்பட்ட நாற்காலியில் அமர்ந்து சாட்சியம் அளித்தார். குறுக்கு விசாரணைக்கும் உட்பட்டார். பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது அதுவே முதல்முறை. பிரசுரம் சுற்றுக்கு விடப்பட்டதை ஏற்றபோதிலும், அது தேர்தல் முடிவைப் பாதித்ததாக நிறுவப்படவில்லை என்று கூறி ஐந்து நீதிபதிகள் அமர்வு மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

கையெழுத்துகளின் காலம்

பதவியில் கிரியின் ஐந்து ஆண்டுகள் குறித்த மதிப்பீடு அவ்வளவு சாதகமானதல்ல. கட்சியின் முடிவை எதிர்த்து வந்தவர், தம்மை வெற்றி பெறச் செய்த பிரதமரின் முடிவு எதையும் எதிர்க்கவில்லை என்பது விமர்சகர்களின் குற்றச்சாட்டு. மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்து 1970-இல் அவர் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் செல்லாது என்றது. மூத்த நீதிபதிகள் மூவரை ஒதுக்கிவிட்டு 1973-இல் ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டபோதும் அரசின் பரிந்துரை அப்படியே ஏற்கப்பட்டது.

1974 மே மாதம் ரயில்வே தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிரி உருவாக்க உதவிய அதே சம்மேளனத்தின் தலைவராக ஜார்ஜ் பெர்னாண்டஸ் போராட்டத்தை நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். குடும்பங்கள் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. மே 8-ஆம் தேதி தொடங்கிய போராட்டம் 27-ஆம் தேதி எதையும் பெறாமல் கைவிடப்பட்டது. பேச்சுவார்த்தையே தீர்வு என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர் அப்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தார்.

அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர், மார்ச் மாதத்தில், குடியரசுத் தலைவர் தேர்தல் சட்டத்துக்கான திருத்தம் அவரது ஒப்புதலுடன் நடைமுறைக்கு வந்தது. முன்மொழிய 10 வாக்காளர்கள், வழிமொழிய 10 வாக்காளர்கள், ரூ. 2,500 வைப்புத்தொகை ஆகியவை கட்டாயமாயின. ஒரு வாக்குகூடப் பெற வாய்ப்பில்லாதவர்கள் பெருமளவில் நிற்பதும், தேர்தலுக்குப் பின் வழக்குகள் தொடரப்படுவதும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. அந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1969-இல் நின்ற 15 பேரில் ஐவருக்குப் பூஜ்யம். ஹரி ராமுக்கு வெறும் 125. ஆனால் சட்டமன்றங்களில் செல்வாக்கு இல்லாத குடிமகன் ஒருவர் வேட்புமனுவில் பெயரைக் காண்பதற்கான வாய்ப்பு அன்றோடு ஏறத்தாழ முடிந்துபோனது.

அதே ஆண்டு ஆகஸ்டில் தேர்தல் வந்தபோது, கிரிக்கு இரண்டாவது முறை வாய்ப்பு அளிக்க ஆளும் கட்சி விரும்பவில்லை. 1969-இல் மனசாட்சி வாக்கு கோரியவர்களில் ஒருவரான பக்ருதீன் அலி அகமது வேட்பாளரானார். களத்தில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே. பக்ருதீன் 7,65,587 வாக்குகளும், எதிர்க்கட்சிகளின் திரிதீப் சௌத்ரி 1,89,196 வாக்குகளும் பெற்றனர். இம்முறை கிரி எதிர்த்து நிற்கவில்லை. ஆகஸ்ட் 24-ஆம் தேதி அமைதியாக விடைபெற்றார்.

தோற்றவர் வென்ற கதை

1977-இல் பக்ருதீன் பதவியில் இருக்கையிலேயே மறைந்ததைத் தொடர்ந்து நடந்த தேர்தலில் 37 பேர் மனு தாக்கல் செய்தனர். பரிசீலனையில் 36 மனுக்கள் தள்ளுபடியாயின. எஞ்சிய ஒருவர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டார். அவர் எட்டு ஆண்டுகளுக்கு முன் கிரியிடம் தோற்ற சஞ்சீவ ரெட்டி. கிரியின் காலத்தில் வந்த சட்டம் ரெட்டியின் பாதையைச் செப்பனிட்டது எனலாம்.

1997-இல் விதிகள் மேலும் கடுமையாயின. முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர், வைப்புத்தொகை ரூ. 15 ஆயிரம். அந்த ஆண்டு முதல் 2022 வரை நடந்த ஆறு தேர்தல்களிலும் இறுதிக் களத்தில் இருவர் மட்டுமே இருந்தனர். அனைவருமே கட்சிகள் அல்லது கூட்டணிகள் முன்னிறுத்தியவர்கள் அல்லது அவற்றின் ஆதரவைப் பெற்றவர்கள். வேட்பாளர் யார் என்பதைத் தலைவர்களின் ஆலோசனைக் கூட்டங்களே முடிவு செய்கின்றன. கட்சியின் சாதாரண உறுப்பினரிடமோ வாக்காளரிடமோ கருத்துக் கேட்கும் முறை எந்தக் கட்சியிலும் நிலைபெறவில்லை.

இரண்டாவது வாசல் மட்டும் சட்டத்தளவில் இன்றும் திறந்திருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவு பிறப்பிக்க இயலாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமும் இந்த வாக்கைக் கட்டுப்படுத்துவதில்லை. வாக்குச்சீட்டின் ரகசியத்தை அரசியல் சாசனமே காக்கிறது. தத்தம் தொகுதி மக்களின் விருப்பத்தை அறிந்து அதன்படி வாக்களிக்க ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிமை உண்டு. கட்சிக் கட்டுப்பாட்டை மீறி வாக்களிப்போர் ஒவ்வொரு தேர்தலிலும் சிலர் இருந்தாலும், முடிவையே மாற்றும் அளவுக்கு அந்த உரிமை பயன்பட்டது 1969-இல் மட்டுமே. அப்போதும்கூட அதைத் திறந்துவிட ஒரு பிரதமரின் அரசியல் தேவை வேண்டியிருந்தது.

ஓய்வுக்குப் பின் 1975-இல் கிரிக்கு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. சென்னையில் வசித்துவந்த அவர், 1980 ஜூன் 24-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 85. தில்லியை அடுத்த நொய்டாவில் இயங்கும் தேசியத் தொழிலாளர் ஆய்வு நிறுவனத்துக்கு 1995-இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. குடியரசுத் தலைவராக அவர் விட்டுச்சென்ற தடம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. தொழிலாளர் தலைவராக அவர் ஆற்றிய பணி குறித்து இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்சிகள் தங்கள் வேட்பாளரை அறிவிக்கும்போதெல்லாம், அறிவிப்பையும் மீறி முடிவு மாறக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டாக 1969-ஆம் ஆண்டும் கிரியின் பெயரும் இன்றும் நினைவுகூரப்படுகின்றன.